பொம்மைப் போர்களின் இருள்

வயது வந்தவர்கள் மேஜையைச் சுற்றி நின்றுகொண்டு விரலளவுப் பொம்மைகளை நகர்த்திப் போர் விளையாடுகிறார்கள் என்று சொன்னால், அதைக் கேட்டவுடன் நகைக்கிறவர்கள் நம்மிடையே பலர் உண்டு. சதுரங்கப் பலகையில் யானையையும் குதிரையையும் நகர்த்தும்போது அவர்களுக்கே அந்த நகைப்பு வருவதில்லை என்பது வேறு விஷயம். 1913-ஆம் ஆண்டில் ஆங்கில நாவலாசிரியர் ஹெச். ஜி. வெல்ஸ், 'லிட்டில் வார்ஸ்' என்ற சிறு நூலொன்றை எழுதி, ஈய வீரர்களைத் தரையில் அணிவகுத்து நிறுத்தி ஸ்பிரிங் பீரங்கியால் மரத்துண்டுகளை எய்து வீழ்த்தும் ஓர் ஆட்டத்துக்கு ஒழுங்கான விதிகளை வகுத்துத் தந்தபோது, அந்நூலின் முடிவிலே மெய்யான போரின் மூடத்தனத்தைக் கடிந்துரைத்து, பொம்மைப் போரே அதனினும் மேலானது என்று வாதிட்டார். மறு வருஷமே ஐரோப்பா தீப்பற்றி எரிந்தது. இன்று இத்துறையில் பெரிதும் பேசப்படும் ஓர் ஆட்டம் தன் கற்பனைக் கடிகாரத்தை அதே 1914-இல் நிறுத்தி வைத்திருப்பதை, வெல்ஸ் உயிரோடிருந்தால் எப்படி ரசித்திருப்பார் என்று தெரியவில்லை.

சரித்திரம் ஒரு கட்டத்தில் தடம் மாறி, வேறொரு பயங்கரமான பாதையில் போயிருந்தால் உலகம் என்னவாகியிருக்கும் என்ற ஊகத்தின்மேல் கட்டப்பட்ட ஆட்டங்களைப் பற்றியே இங்கே பேசப்போகிறேன். இருபுறமும் நூற்றுக்கணக்கான வீரர்களை நிறுத்தும் பழைய பெரும்படை ஆட்டங்களைப் போலன்றி, சிறு படையோடு, சிறிய களத்தில் ஆடுவது இவற்றின் சம்பிரதாயம். இவ்வகையில் மூன்று ஆட்டங்களை எடுத்து ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்ப்பதே என் நோக்கம். இருள், பயங்கரம், நாசம் என்று மூன்றும் ஒரே பாஷை பேசுவதாக வெளிப்பார்வைக்குத் தோன்றினாலும், அந்த இருள் எங்கிருந்து வருகிறது, அதற்குப் பொறுப்பாளி யார் என்ற கேள்விக்கு அவை தரும் விடைகள் வேறு வேறானவை; அந்த விடைகளைக் கொண்டே அவற்றின் தரத்தை நிர்ணயிக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

முதலாவது 'ட்ரெஞ்ச் க்ரூஸேட்'. ஓவியர் மைக் ஃப்ராஞ்சினாவின் சித்திரங்களிலிருந்து பிறந்த இந்த உலகத்துக்கு ஆட்ட விதிகளை வகுத்தவர் ஃபின்லாந்துக்காரரான டூமஸ் பிரினென். 2024-இல் கிக்ஸ்டார்ட்டர் வழியாகப் பொதுமக்களிடம் முன்பணம் திரட்டியபோது 30 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது என்பதிலிருந்து, இதற்கு எவ்வளவு ஆவலோடு காத்திருந்தார்கள் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். கதை இதுதான்: 1099-இல், முதல் சிலுவைப் போரின்போது, ஜெருசலேம் நகரில் நரகத்தின் வாயில் திறந்துவிடுகிறது; அன்று முதல் எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக மனிதரும் அசுரரும் ஓயாமல் பொருதுகிறார்கள்; 1914-இல் பதுங்குகுழிகளும் முள்வேலியும் இயந்திரத் துப்பாக்கியும் விஷவாயுவும் கொண்ட அந்தப் போரில், கவசம் பூண்ட பாதிரிமாரும், இரும்பு மதிலுக்கு அப்பாலிருந்து நரகத்தை எதிர்க்கும் சுல்தானின் சேனையும், நரகத்துக்கு விலைபோன மனிதப் பட்டாளங்களும் களத்தில் இருக்கின்றன.

இந்த ஆட்டத்தின் மெய்யான சிறப்பு, பலரும் புகழும் அதன் சித்திரங்களைவிட, அதன் இரத்தக் குறிகளில்தான் இருக்கிறது. இரண்டு பகடைகளை உருட்டி, கூட்டுத்தொகை ஏழோ அதற்கு மேலோ வந்தால் எடுத்த காரியம் வெற்றி என்பது அடிப்படை விதி. சாதகமான நிலையில் ஒரு பகடை அதிகம் உருட்டி உயர்ந்த இரண்டை எடுத்துக்கொள்வார்கள்; பாதகமான நிலையில் அதேபோல் உருட்டித் தாழ்ந்த இரண்டை ஏற்பார்கள். ஒரு வீரன் அடிபட்டால் பெரும்பாலும் உடனே வீழ்வதில்லை. அவனருகே ஒரு சிவப்புக் குறி வைக்கப்படுகிறது. அந்தக் குறி எதிராளியின் கைமுதல். நீங்கள் குறிபார்த்துச் சுட முனையும்போதோ, வேலியைத் தாண்டிக் குதிக்க எண்ணும்போதோ, எதிரே நிற்பவர் ஒரு குறியைச் செலவழித்து உங்கள் பகடையைக் கெடுக்கலாம். அல்லது அவசரப்படாமல் அவற்றைச் சேர்த்து வைத்து, ஆறு குறிகள் திரண்டபின் மூன்று பகடைகளை ஒருசேரக் கூட்டும் கொடிய காயமொன்றை விளைவிக்கலாம். பட்ட காயம் அப்போதே முடிந்துபோகாமல், அடுத்த காரியத்திலும் அதற்கடுத்த காரியத்திலும் வந்து குறுக்கே நிற்கும் இந்த நிலையைப் பத்து பக்க வர்ணனையால்கூட இவ்வளவு பிரத்தியக்ஷமாக உணர்த்த முடியாது.

இது பிரினெனுக்குப் புதிய வித்தையன்று. 1999-இல் கேம்ஸ் வொர்க்ஷாப் நிறுவனத்துக்காக அவர் படைத்த 'மார்ட்ஹைம்' ஆட்டத்தில், ஒரு சண்டையில் விழுந்த தலைவன் பிழைத்தானா, ஒற்றைக் கண்ணனானானா, கால் நொண்டியாகி ஓர் அங்குலம் குறைவாக நடக்கிறானா என்பதையெல்லாம் சண்டை முடிந்தபின் பகடை உருட்டித் தெரிந்துகொண்டு, அந்த ஊனத்தோடே அவனை அடுத்த சண்டைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். சாதாரண அடியாளுக்கு அந்த மரியாதைகூடக் கிடையாது. ஒரு பகடையில் ஒன்றோ இரண்டோ விழுந்தால் அவன் கதை முடிந்தது. விளையாட்டில் இறப்புக்கு ஒரு கனத்தை உண்டாக்கிய இந்த உத்தியே இத்துறை முழுவதற்கும் அஸ்திவாரம் என்று சொன்னால் மிகையாகாது.

ஆனால் ட்ரெஞ்ச் க்ரூஸேடின் கதையமைப்பை நோக்கும்போது எனக்கு ஒரு பெரிய ஆட்சேபணை எழுகிறது. 1099 ஜூலையில் ஜெருசலேம் வீழ்ந்தபோது, நகருக்குள் நுழைந்த சிலுவை வீரர்கள் முஸ்லிம்களையும் யூதர்களையும் ஈவிரக்கமின்றிக் கொன்று குவித்தார்கள் என்பது சரித்திரம். 1915 ஏப்ரலில் ஈப்ரு நகருக்கருகே குளோரின் வாயுவைக் காற்றில் திறந்துவிட்டவர்கள், படித்துப் பட்டம் பெற்ற இரசாயன சாஸ்திரிகளின் யோசனைப்படி நடந்தவர்கள். ஸோம் நதிக்கரையில் 1916 ஜூலை முதல் தேதியன்று, ஒரே பகலில், பிரிட்டிஷ் சேனையில் மட்டும் 19,240 பேர் மாண்டார்கள். இவற்றில் எதற்கும் அசுரன் ஒருவனுடைய உதவி தேவைப்படவில்லை. அப்படியிருக்க, நரக வாயிலைத் திறந்து வைத்து, இவ்வளவு கொடுமைக்கும் மூலகாரணம் அதுவே என்று கதை சொல்லும்போது, மனிதன் தன் தலைமேல் சுமக்க வேண்டிய பழியைச் சைத்தானின் தலைமேல் இறக்கி வைத்துவிட்டு இளைப்பாறுகிறான். மத வெறியின் விகாரத்தைக் காட்டுவதுதான் ஆட்டத்தின் எண்ணம், மனிதர் பக்கத்தையும் அது புனிதமாகக் காட்டவில்லை என்று அதன் அன்பர்கள் சமாதானம் கூறக்கூடும். அதில் ஓரளவு நியாயமும் உண்டு. ஆட்டத்தில் மனிதர் பக்கம் நின்று தம்மைத் தாமே வதைத்துக்கொள்ளும் யாத்திரிகர் கூட்டத்தை யாரும் வீர வழிபாட்டுக்கு உரியதாகக் கொள்ள முடியாது. எனினும் எதிரே நிற்பது மெய்யாகவே நரகமாக இருக்கும்போது, அந்த வெறிக்கு ஒரு நியாயம் தானாகவே வந்து சேர்ந்துவிடுகிறதே! எண்ணெய்த் தொட்டிகள் எரிய, 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பலின் குண்டுகளைச் சந்தித்த சென்னைக்கும், மெசபொட்டேமியாவின் சேற்றில் இந்தியச் சிப்பாய்களை இழந்த நம் தேசத்துக்கும், அந்தப் போர் வெறும் அலங்காரத் திரையன்று என்பதையும் இங்கே நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

இரண்டாவதான 'தி சில்வர் பயனெட்' பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஜோசப் ஏ. மெக்கல்லோ எழுதி ஆஸ்ப்ரே பதிப்பகம் 2021-இல் வெளியிட்ட இந்நூல், நெப்போலியன் காலத்து யுத்தங்களின் குழப்பத்தில் ஓநாய் மனிதரும் இரத்தம் குடிக்கும் பிசாசுகளும் தலையெடுக்க, அவற்றை வேட்டையாட ஒவ்வொரு தேசமும் சிறு குழுவொன்றை அனுப்புவதாகக் கற்பிக்கிறது. பத்து முகப் பகடைகள் இரண்டு. இரண்டின் கூட்டுத்தொகையால் அடி பட்டதா என்று தெரியும், அவற்றில் ஒன்றின் எண்ணே காயத்தின் அளவாகும். சுட்டபின் மீண்டும் மருந்து கெட்டிப்பதற்கு ஒரு முறையைச் செலவிட வேண்டும். எந்தப் பிசாசுக்கு வெள்ளி ஆகாது, எதற்கு இரும்பு ஆகாது என்பதை அறிந்துகொள்வது ஆட்டத்தின் சுவை. தெளிவான, நேர்த்தியான, யாரையும் புண்படுத்தாத ஆட்டம். துணையில்லாதவர் தனியாகவும் ஆடலாம் என்பது, ஒத்த ரசனையுடையோர் பக்கத்தில் கிடைக்காத ஊர்களில் இருப்பவர்களுக்குப் பெரிய வரப்பிரசாதம். ஆனால் இதில் உள்ள இருள் மாலை நேரத்து மங்கல் மட்டுமே. பிசாசை வீழ்த்தியதும் பொழுது விடிந்துவிடும்.

மூன்றாவதான 'டர்னிப்28' பெயரிலேயே பரிகாசத்தைச் சுமந்து நிற்கிறது. மாக்ஸ் ஃபிட்ஸ்ஜெரால்டின் சிருஷ்டியான இந்த உலகத்தில், நெப்போலியன் காலத்துச் சீருடையின் கந்தல்களை அணிந்த மனிதர்கள் முடிவில்லாத சேற்றில் உழல்கிறார்கள். டர்னிப் என்ற ஒருவகைக் கிழங்கின் வேர்கள் மண்ணில் மட்டுமல்லாமல் அவர்களுடைய தொப்பியிலும் துப்பாக்கியிலும் சதையிலும் ஊடுருவி வளர்கின்றன. தலைமை தாங்குபவர்கள் உயர்குலத்து அசடுகள். அவர்களைச் சூழ்ந்திருப்பவர்கள் முகஸ்துதி பாடும் இன்னும் பெரிய அசடுகள். ஒரு கூட்டம் துப்பாக்கி சுட்டால் அதன்மேல் ஒரு புகைக் குறி விழுகிறது. அந்தப் புகை அகலும்வரை மறுபடி சுட முடியாது. அடிபட அடிபடப் பதற்றக் குறிகள் சேர்ந்து, ஒரு நிலையில் அவர்களைப் புறமுதுகிட்டு ஓடச் செய்கின்றன. இங்கே சைத்தான் கிடையாது. சிப்பாய்கள் சாவதற்குக் காரணம் அவர்களை அனுப்பியவர்களின் மடமை ஒன்றே என்பதை ஒவ்வொரு விதியும் சொல்லிக்கொண்டே இருக்கிறது. நம் பரணி நூல்களில் பேய்கள் போர்க்களத்திலே கூழ் அட்டு உண்ணும் பகுதியைப் படித்து, அருவருப்பும் சிரிப்பும் ஒருங்கே அடைந்தவர்களுக்கு இந்தச் சுவை அந்நியமாக இராது. பரணியில் அந்தச் சிரிப்பு வெற்றி பெற்ற அரசனின் புகழுக்குத் துணை போகிறது, இங்கோ புகழுக்குரிய அரசனே இல்லை என்பதுதான் வித்தியாசம்.

இந்தக் கிழங்குக் கற்பனை பொருளற்ற கிறுக்கு என்று தள்ளிவிடுபவர்களுக்கு ஒரு செய்தி. கடல்வழி அடைபட்டுக் கரும்புச் சர்க்கரை வராமற்போனபோது, 1811-இல் நெப்போலியன் பிரான்சில் 32,000 ஹெக்டேர் நிலத்தில் பீட் கிழங்கு பயிரிட ஆணையிட்டான். அந்தக் கிழங்கின் சாற்றை வெளுப்பதற்கு அக்காலத்தில் எலும்புக் கரி வேண்டியிருந்தது. வாட்டர்லூ களத்தில் புதையுண்ட வீரர்களின் எலும்புகள் பிற்காலத்தில் தோண்டியெடுக்கப்பட்டு உரத்துக்கும் சர்க்கரை ஆலைகளுக்கும் போயிருக்க வேண்டும் என்று அண்மைக்கால வரலாற்றாய்வாளர்கள் சான்றுகளோடு எழுதியிருக்கிறார்கள். ஆட்டத்தின் ஆசிரியர் இதை எண்ணித்தான் படைத்தாரோ இல்லையோ, கிழங்கு மனிதனைத் தின்னும் அவருடைய கற்பனையைவிடச் சரித்திரம் ஒரு படி முன்னே போயிருக்கிறது.

ஆட்டத்தைவிட அதற்காகச் செய்யும் கைவேலையில்தான் இந்தப் பொழுதுபோக்கின் உயிர் இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். டர்னிப் படைக்கென்று தனி பொம்மை வாங்க வேண்டிய கட்டாயமில்லை. பெர்ரி நிறுவனத்தின் நெப்போலியன் காலத்துப் பிளாஸ்டிக் வீரர்கள் பெட்டியொன்றை வாங்கி, 28 மி.மீ. உயரமுள்ள உருவத்தின் தலையை வெட்டி, மத்தியகாலத் தலைக்கவசம் ஒன்றை அவ்விடத்தில் ஒட்டுகிறார்கள். பிறகு களிமண் போன்ற எபாக்ஸி புட்டியின் நீலமும் மஞ்சளுமான இரண்டு பட்டைகளைச் சப்பாத்தி மாவு பிசைவதுபோல் விரல்களால் பிசைந்து, பச்சையாக மாறியதும் கண்ணாடித் தட்டின்மேல் நூலாக உருட்டி, நனைத்த ஊசிமுனையால் வேராக முறுக்கித் தோளிலிருந்து கழுத்துக்கு ஏற்றுகிறார்கள். அது இறுகச் சில மணி நேரமாகும். அதற்குள் விரல்ரேகை பதிந்துவிட்டால் அதையும் கிழங்கின் சுருக்கமென்று கொண்டாடலாம். இருண்ட ஆட்டங்கள் புதியவனுக்குக் காட்டும் பெரிய கருணை இது. பளபளக்கும் சீருடையில் ஒரு கோடு பிசகினால் கண்ணை உறுத்தும். சேற்று நிறத்தை நீர்க்கக் கரைத்து மேலே வழியவிட்டு, காய்ந்தபின் உலர்ந்த தூரிகையால் லேசாகத் தேய்த்த படையிலோ பிழையும் அழகாகிவிடுகிறது.

உருவங்களை முப்பரிமாணத்தில் அச்சிடும் ரெசின் யந்திரத்தை வீட்டிலேயே வைத்துக்கொள்வதும் இப்போது பரவிவருகிறது. ட்ரெஞ்ச் க்ரூஸேட் தன் உருவங்களை அச்சுக்கேற்ற கோப்புகளாகவும் விற்கிறது. தூரதேசத்துக் கப்பல் கூலியும் சுங்கமும் மிச்சமென்பது மெய்யே. ஆனால் இறுகாத ரெசின் தோலில் பட்டால் ஒவ்வாமை உண்டாக்கும், அதன் ஆவி காற்றோட்டமில்லாத அறைக்கு ஆகாது, கையுறை வேண்டும், கழுவ ஆல்கஹால் வேண்டும் என்பவற்றையெல்லாம் விற்பவர்கள் சின்ன எழுத்தில் சொல்வதோடு திருப்தியடைந்துவிடுகிறார்கள். இதைவிட நான் கவலைப்படும் தோஷம் வேறொன்று. படம் எடுத்துக் காட்டுவதற்காகவே படை சேர்க்கும் வழக்கம் பெருகிவிட்டது. விதிப்புத்தகத்தைத் திறக்காமலே அதன் உலகத்தைப் பற்றித் தர்க்கிப்பவர்களும் பலர். ஆடப்படாத ஆட்டத்தில் இரத்தக் குறி விழுவதில்லை. எஞ்சுவது முள்வேலி, எலும்புக்கூடு, துருவேறிய சிலுவை என்ற அலங்காரம் மட்டுமே. எல்லாப் படைகளும் ஒரே பழுப்பு நிறத்தில், ஒரே ரணத்தோடு நிற்கும்போது, பயங்கரமும் ஒரு சலிப்பான சம்பிரதாயமாகிவிடுகிறது.

ஆகவே விதிகளின் நுட்பத்துக்கு ட்ரெஞ்ச் க்ரூஸேடையும், தனித்து ஆடுவதன் இன்பத்துக்குச் சில்வர் பயனெட்டையும் மெச்சுவேன். ஆனால் போரைப் பற்றி மெய் பேசுவது மூன்றில் டர்னிப்28 ஒன்றுதான். அதன் விதிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. தொடங்க விரும்புகிறவர்கள் ஒரு பெட்டிப் பிளாஸ்டிக் வீரர்களையும் கொஞ்சம் எபாக்ஸி புட்டியையும் வாங்கிக்கொண்டால் போதும். எதிரே உட்கார ஒரு சிநேகிதரை மட்டும் முதலிலேயே தேடிக்கொள்ளுங்கள்.