சிறுநீர்க் குடுவையும் விளையாட்டின் ஆன்மாவும்
தொழில்முறை விளையாட்டிற் கஞ்சாப் பரிசோதனைக் கொள்கை பற்றிய ஒரு மதிப்பீடு

விளையாட்டு என்பது விதிகளாலாகிய ஓர் உலகம். விதி இல்லையேல் ஓட்டம் வெறும் ஓடுதலாகவும் குத்துச்சண்டை வெறும் அடிதடியாகவும் முடிந்துவிடும். எனவே விளையாட்டு வீரர் விதிக்குக் கட்டுப்படுதல் வேண்டும் என்பதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. ஆயின், விதியானது தனக்குரிய நியாயத்தைத் தானே வெளிப்படுத்தும்போதுதான் அது மதிப்பிற்குரியதாகின்றது. தசைகளைச் செயற்கையாகப் பெருக்கும் ஸ்டீரொயிட் மருந்துகள் தடைசெய்யப்பட்டமைக்கான காரணத்தை எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஒருவன் தன் உழைப்பாற் பெறாத வலிமையோடு களத்தில் இறங்குவது மற்றவனுக்கு இழைக்கப்படும் அநீதி. கஞ்சாவின் நிலை அத்தகையதன்று. அதனைப் புகைத்தவர் விரைந்து ஓடுவார் என்றோ உயரப் பாய்வார் என்றோ நிறுவப்படவில்லை. எனினும் அதன் பொருட்டுப் பதக்கங்கள் பறிக்கப்பட்டன; வருமானங்கள் நிறுத்தப்பட்டன; குறுகிய விளையாட்டு வாழ்வின் மிகச் சிறந்த ஆண்டுகள் வீணாயின. இக்கொள்கை எதனை அளக்கின்றது, எதன் பெயரால் தண்டிக்கின்றது, யாருக்கு முன்னால் வளைந்து கொடுக்கின்றது என்பன ஆராயப்பட வேண்டிய வினாக்களாகும்.

முதலிற் பரிசோதனையின் இயல்பை நோக்குதல் அவசியம். கஞ்சாவின் மயக்கத்துக்குக் காரணமான பொருள் உடலிற் புகுந்தபின் ஈரலிலே சிதைவுற்று வேறொரு பொருளாக மாறுகின்றது. சிறுநீரிலே தேடப்படுவது இச்சிதைவுப் பொருளே. மூலப்பொருள் கொழுப்பிழையங்களிலே தங்கி மெல்ல மெல்ல வெளியேறும் தன்மையது. மயக்கம் சில மணித்தியாலங்களில் நீங்கிவிடுகின்றது. ஆனால் அதன் சுவடோ, எப்போதாவது பயன்படுத்தியவரிடம் சில நாட்களும், நாள்தோறும் பயன்படுத்தியவரிடம் பல வாரங்களும் காணப்படலாம். சட்டியில் ஒட்டிய கரி, அடுப்பு என்றோ எரிந்தது என்பதை மட்டுமே சொல்லும். இன்று உலை கொதிக்கின்றதா என்பதைச் சொல்லாது. அவ்வாறே இப்பரிசோதனையும், வீரர் களத்தில் நின்ற வேளையில் எந்நிலையில் இருந்தார் என்பதை உறுதிப்படுத்துவதில்லை. கடந்த காலத்தில் அவர் ஒரு செயலைச் செய்தார் என்பதையே அது காட்டுகின்றது.

இதனாலேயே, எந்த அளவுக்கு மேற்பட்டாற் குற்றம் என்னும் எல்லைக்கோடு இக்கொள்கையின் உயிர்நிலையாகின்றது. அக்கோட்டின் வரலாறே இக்கொள்கைக்கு எதிரான முதற் சாட்சியும் ஆகும். 1998ஆம் ஆண்டு யப்பானின் நகானோவில் நடைபெற்ற குளிர்கால ஒலிம்பிக்கிலே பனிச்சறுக்குப் பலகை விளையாட்டு முதன்முறையாக இடம்பெற்றது. அதில் முதற் தங்கப்பதக்கம் பெற்ற கனடிய வீரர் றொஸ் ரெபக்லியாற்றியின் சிறுநீரில் மில்லிலீற்றருக்கு 17.8 நனோகிராம் சிதைவுப் பொருள் காணப்பட்டது. பனிச்சறுக்குச் சம்மேளனத்தின் எல்லை 15 நனோகிராம். தாம் புகைக்கவில்லை, பிறர் புகைத்த புகையைச் சுவாசித்ததே காரணம் என அவர் கூறினார். பதக்கம் பறிக்கப்பட்டது, சில நாட்களுள் நடுத்தீர்ப்பு மன்றம் அதனை மீள வழங்கியது. அவர் கூற்றை மன்றம் நம்பியமை அதற்குக் காரணமன்று. அவரைத் தண்டிப்பதற்கான தெளிவான விதி ஒலிம்பிக் குழுவிடம் இருக்கவில்லை என்பதே காரணம். இதிலிருந்து இரு முடிவுகளை எடுத்திருக்கலாம். விதி இல்லாதவிடத்துத் தண்டனைக்கு அவசரப்பட்டது தவறு என்பது ஒன்று. தண்டிப்பதற்கு ஒரு விதியைச் செய்துகொள்ள வேண்டும் என்பது மற்றொன்று. எடுக்கப்பட்டது இரண்டாவது முடிவே.

1999இல் உலக ஊக்கமருந்து எதிர்ப்பு முகவரகம் தோன்றியது. அதன் சட்டக்கோவை 2003இல் ஏற்கப்பட்டு 2004இல் நடைமுறைக்கு வந்தது. கஞ்சா, போட்டிக் காலத்திலே தடைசெய்யப்பட்ட பொருட்களுள் ஒன்றாக நிலைபெற்றது. பின்னர் 2013இல் அதே முகவரகம் எல்லையை 15 நனோகிராமிலிருந்து 150 நனோகிராமுக்கு, அதாவது பத்து மடங்காக, உயர்த்தியது. போட்டிக் காலத்திற் பயன்படுத்துவோரை மட்டுமே பிடிப்பது நோக்கம் என விளக்கமும் தரப்பட்டது. இவ்விளக்கத்தின் மறுபக்கம் கவனிக்கத்தக்கது. அதற்கு முன்னர் பிடிபட்டோருட் பலர் போட்டிக் காலத்திற் பயன்படுத்தாதவர்களாக இருந்திருக்கலாம் என்பதை அது மறைமுகமாக ஒப்புக்கொள்கின்றது. புதிய அளவின்படி நோக்கின், நகானோவில் உலகமே பேசிய 17.8 என்னும் எண் அறிக்கையிற் கூட இடம்பெறாது.

இச்சட்டக்கோவை ஒரு பொருளைத் தடைசெய்வதற்கு மூன்று அளவுகோல்களை வகுக்கின்றது: அது செயல்திறனை உயர்த்தக்கூடியதா, உடல்நலத்துக்குக் கேடு விளைவிக்கக்கூடியதா, விளையாட்டின் ஆன்மாவுக்கு முரணானதா என்பன அவை. மூன்றில் இரண்டு பொருந்தினாற் போதும். கஞ்சாவுக்கு மூன்றும் பொருந்துவதாக வாதிட்ட கட்டுரையொன்றை 2011இல் முகவரகத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள் வெளியிட்டனர். அக்கட்டுரை ஒருபுறம் கஞ்சா பதற்றத்தைத் தணித்து நெருக்கடியிலும் சிறப்பாக விளையாட உதவும் என்கின்றது. மறுபுறம் அது எதிர்வினையை மந்தமாக்கித் தீர்மானிக்கும் ஆற்றலைக் குலைத்து ஆபத்தை விளைவிக்கும் என்கின்றது. இரண்டும் வெவ்வேறு அளவில், வெவ்வேறு விளையாட்டில் உண்மையாகலாம். ஆயின், எந்த விளையாட்டில் எது உண்மை என்று வேறுபடுத்தாது, எல்லா விளையாட்டுக்கும் ஒரே தடையை விதிக்க இரண்டையும் ஒருங்கே துணைக்கழைப்பது தர்க்கமாகாது.

உடல்நலக் கேடு என்னும் அளவுகோலும் உறுதியானதன்று. கஞ்சா தீங்கற்றது எனக் கூறுவது பொறுப்பற்ற பேச்சு; இளவயதினருக்கும் நாள்தோறும் பயன்படுத்துவோருக்கும் அது விளைக்கும் கேடுகள் அறியப்பட்டவையே. எனினும் மதுபானத்தின் கேடும் அறியப்பட்டதுதான். வில்வித்தை முதலிய சில விளையாட்டுக்களில் மட்டும் தடைசெய்யப்பட்டிருந்த மதுவை 2018இல் முகவரகம் தன் பட்டியலிலிருந்து முற்றாகவே நீக்கியது. புகையிலை ஒருபோதும் தடைசெய்யப்படவில்லை. தலையிலே குத்துவதை நோக்கமாகக் கொண்ட ஒரு விளையாட்டு ஒலிம்பிக்கில் இடம்பெறுகையில், வீரரின் உடல்நலம் பற்றிய கவலை கஞ்சாவின் விடயத்தில் மட்டும் விழித்தெழுவது வியப்புக்குரியது.

எஞ்சியிருப்பது விளையாட்டின் ஆன்மா. நேர்மை, துணிவு, அர்ப்பணிப்பு, சட்டத்தை மதித்தல் முதலிய பண்புகளை அடுக்கி இத்தொடருக்குச் சட்டக்கோவை பொருள் கூறுகின்றது. இவை உயர்ந்த பண்புகள் என்பதை எவரும் மறுக்கார். ஆனால் இவற்றை நனோகிராமில் அளக்க முடியாது. அளக்க முடியாத ஒன்றை அளக்கும் கருவியாகச் சிறுநீர்க் குடுவை மாற்றப்படும்போது, அறிவியலின் உடையை அணிந்துகொண்டு ஒழுக்கத் தீர்ப்பு உள்ளே நுழைகின்றது. இவ்வொழுக்கத் தீர்ப்பு பரிசோதனைக்கும் முந்தியது. 1986இல் இங்கிலாந்தின் புகழ்பெற்ற துடுப்பாட்ட வீரர் இயன் பொத்தம் ஏறத்தாழ இரண்டு மாதங்கள் விளையாடுவதினின்று தடுக்கப்பட்டமைக்கு எந்த ஆய்வுகூட முடிவும் காரணமாகவில்லை. தாம் கஞ்சா புகைத்ததுண்டு எனப் பத்திரிகையிலே ஒப்புக்கொண்டமையே காரணமாயிற்று. அன்று வெளிப்படையாகக் கண்டித்த ஒழுக்கமே பின்னர் எண்களின் பின்னால் நின்று பேசக் கற்றுக்கொண்டது எனலாம்.

இம்முரண்பாடு மிகத் துலக்கமாக வெளிப்பட்ட நிகழ்ச்சி ஷகாரி றிச்சட்சனுடையதாகும். 2021ஆம் ஆண்டு யூன் மாதம் ஒறிகன் மாநிலத்திலே நடைபெற்ற அமெரிக்கத் தெரிவுப் போட்டியில் இவர் 100 மீற்றரை 10.86 செக்கனில் ஓடி முதலிடம் பெற்றார். தம்மைப் பெற்ற தாய் இறந்த செய்தியைப் போட்டிக்குச் சற்று முன்னர் ஊடகவியலாளர் ஒருவர் வாயிலாக அறிந்து, அத்துயரிலே கஞ்சாவை நாடியதாகப் பின்னர் அவர் கூறினார். ஒறிகனில் வயதுவந்தோர் அதனைப் பயன்படுத்துதல் 2015 முதல் சட்டபூர்வமானது. அவருக்கு ஒரு மாதத் தடை மட்டுமே விதிக்கப்பட்டது. ஆயினும் தெரிவுப் போட்டியின் பெறுபேறு அழிக்கப்பட்டமையால் ரோக்கியோ ஒலிம்பிக்கில் 100 மீற்றர் ஓடும் வாய்ப்பை இழந்தார். அஞ்சலோட்ட அணியிலும் சேர்க்கப்படவில்லை.

இங்கு நுணுகி நோக்க வேண்டியது தண்டனையின் அளவையன்று, அதன் தர்க்கத்தையே. அவ்வாண்டில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, போட்டிக்கு வெளியே, செயல்திறனோடு தொடர்பின்றிப் பயன்படுத்தியதாக நிறுவும் வீரருக்குத் தடை மூன்று மாதமாகக் குறையும். சிகிச்சைத் திட்டமொன்றை ஏற்றால் ஒரு மாதமாகும். ஆகவே றிச்சட்சனுக்கு விதிக்கப்பட்ட ஒரு மாதத் தடையே, அவர் தம் ஓட்டத்துக்கு உதவியாக எதனையும் பெறவில்லை என்பதற்கு அளிக்கப்பட்ட சான்றிதழாகும். ஏமாற்றவில்லை என ஏற்றுக்கொண்டே வெற்றியைப் பறிக்கும் விதி, நீதியின் பெயரை எவ்வாறு தாங்க முடியும்? இந்நிகழ்ச்சியின் பின் முகவரகம் மீளாய்வு செய்தது. 2022இல் தடையைத் தொடர்வதென முடிவாயிற்று. அம்முடிவிலும் முன்னின்றவை உடல்நலமும் விளையாட்டின் ஆன்மாவுமே, செயல்திறன் அன்று. றிச்சட்சன் 2023இல் புடாபெஸ்ற் நகரில் 10.65 செக்கனில் ஓடி உலக வாகை சூடினார். விதியினால் இழந்த ஒலிம்பிக்கை அவ்வெற்றி ஈடுசெய்ததா என்பது வேறு வினா.

ஒலிம்பிக் உலகினின்று அமெரிக்கத் தொழில்முறை லீக்குகளின் பக்கம் திரும்பினால் வேறொரு காட்சி தோன்றுகின்றது. அமெரிக்க உதைபந்தாட்டத்தின் தேசிய லீக் நெடுங்காலம் மிகக் கடுமையான போக்கைக் கடைப்பிடித்தது. 2014இல் ஜோஷ் கோர்டன் என்னும் வீரருக்கு, முன்னைய மீறல்களோடு சேர்த்து, முதலில் ஓராண்டுத் தடை விதிக்கப்பட்டது. அவரது முதல் மாதிரியில் 16 நனோகிராம் காணப்பட்டதாகச் செய்திகள் வெளியாகின. லீக்கின் அன்றைய எல்லை 15. ஒலிம்பிக் வீரருக்கோ அப்போதே 150. அதே கோடையில், தமக்கு நிச்சயிக்கப்பட்ட பெண்ணைத் தாக்கிய மற்றொரு வீரருக்கு லீக் முதலில் விதித்தது இரண்டு ஆட்டத் தடை மட்டுமே. தாக்குதலின் காட்சி வெளியான பின்னரே அது காலவரையற்றதாயிற்று. கோர்டனின் தடையும் பின்னர் பத்து ஆட்டங்களாகக் குறைக்கப்பட்டது. எனினும் முதலில் எழுந்த இரு தீர்ப்புக்களும் அருகருகே நின்று அந்நிறுவனத்தின் அறநோக்கைக் காட்டிக் கொடுத்தன.

இவ்விடத்தில் வலி என்னும் மெய்ம்மை மறக்கப்படலாகாது. மோதலையே தொழிலாகக் கொண்ட வீரரின் உடல் வாரந்தோறும் சிதைகின்றது. அவரை மறுவாரம் மீண்டும் களத்திலே நிறுத்துவதற்கு வலிநிவாரணிகள் தாராளமாக வழங்கப்பட்டன என ஓய்வுபெற்ற வீரர்கள் 2014இல் லீக்குக்கு எதிராக வழக்குத் தொடர்ந்தனர். உழைப்பாளியை வேலைக்குத் திருப்பும் மருந்து சிகிச்சையென மதிக்கப்பட்டது. வேலை முடிந்தபின் அவனாகத் தேடிய ஆறுதல் குற்றமாயிற்று. இவ்வேறுபாட்டின் விலையைப் பேஸ்போல் உலகம் 2019இல் உணர்ந்தது. அவ்வாண்டு யூலையிற் ரைலர் ஸ்கக்ஸ் என்னும் பந்துவீச்சாளர் இறந்தார். அவர் உடலில் அபினை ஒத்த வலிநிவாரணிகளும் மதுவும் காணப்பட்டன. அவ்வாண்டு முடிவதற்குள் லீக்கும் வீரர் சங்கமும் உடன்பட்டு, அத்தகைய மருந்துகளைப் பரிசோதனைக்கு உட்படுத்தியதோடு, கஞ்சாவை அப்பட்டியலிலிருந்து நீக்கி மதுவுக்கு ஒப்பாக நடத்தத் தலைப்பட்டன.

பிற மாற்றங்களும் தொடர்ந்தன. உதைபந்தாட்ட லீக்கின் எல்லை 2014இல் 35 ஆகவும், 2020இல் 150 ஆகவும், 2024இல் 350 ஆகவும் உயர்ந்தது. 2020 முதல் கஞ்சாப் பரிசோதனையிற் தவறியமைக்காக மட்டும் ஆட்டத்தடை விதிக்கப்படுவதில்லை. கூடைப்பந்தாட்ட லீக் 2020இல் எழுந்தமானப் பரிசோதனையை நிறுத்தி, 2023இன் கூட்டு உடன்படிக்கையிற் கஞ்சாவைப் பட்டியலிலிருந்தே நீக்கியது. 15, 35, 150, 350 என்னும் இவ்வெண்களின் ஏற்றத்தை அச்செடியின் இரசாயனத்தைக் கொண்டு விளக்க முடியாது. மாநிலங்களின் சட்டமும் மக்களின் மனப்பாங்கும் மாறின. எல்லாவற்றுக்கும் மேலாக, இவ்விதிகள் பேரம்பேசும் மேசையிலே வீரர் சங்கத்தின் முன்னால் வைக்கப்பட்டன. சங்கமாகத் திரண்டோர் முன் விதி வளைந்தது. தனித்து நின்ற ஓட்டவீராங்கனை முன் அது நிமிர்ந்தே நின்றது.

எனினும் இதனை முழு வெற்றியாகக் கொள்வதும் பொருந்தாது. தடையைத் தளர்த்திய 2020ஆம் ஆண்டு உடன்படிக்கையே பருவத்துக்கு 16ஆக இருந்த ஆட்டங்களை 17ஆக உயர்த்தவும் உரிமையாளருக்கு வழிவகுத்தது. வலியைத் தணிக்கும் உரிமையும் வலியைப் பெருக்கும் கடமையும் ஒரே தாளிலே கையொப்பமாயின.

தடையை ஆதரிப்போரின் வாதங்களுள் இரண்டு மதிக்கத்தக்கவை. கார்ப் பந்தயம் போன்றவற்றில் ஒருவரின் மயக்கம் மற்றவரின் உயிருக்கு உலையாகும் என்பது ஒன்று. இது மெய். ஆயின் அதற்கு வேண்டியது களத்தில் உள்ள நிலையை அளக்கும் பரிசோதனையேயன்றிச் சென்ற வாரத்தின் சுவட்டைத் தேடும் பரிசோதனையன்று. வீரரைப் பின்பற்றும் இளைஞர் வழிதவறுவர் என்பது மற்றொன்று. இக்கவலையும் நேர்மையானதே. ஆனால் மது நிறுவனங்களின் விளம்பரங்கள் அரங்கைச் சூழ்ந்திருக்க, முன்மாதிரியாக விளங்கும் சுமையை வீரரின் சிறுநீர்ப்பையின் மீது மட்டும் ஏற்றுவது அறமாகாது.

தொகுத்து நோக்குமிடத்து, கஞ்சாப் பரிசோதனைக் கொள்கையின் குறை அதன் கடுமையிலன்று, அதன் நேர்மையின்மையிலேயே உள்ளது. ஏமாற்றத்தைக் கண்டறிவதாகக் கூறிக்கொண்டு அது கீழ்ப்படிதலை அளந்து வந்துள்ளது. களத்தின் சமத்துவத்தையும் சக வீரரின் பாதுகாப்பையும் காப்பதே பரிசோதனையின் கடமை. அவ்வெல்லைக்குள் அது எவ்வளவு கடுமையாக இருப்பினும் வரவேற்கத்தக்கதே. அவ்வெல்லைக்கு வெளியே, ஒருவர் தம் துயரையும் வலியையும் எவ்வாறு ஆற்றிக்கொண்டார் என்பது நாட்டின் சட்டத்துக்கும் மருத்துவத்துக்கும் உரிய வினா. அதற்கு விடை கூறும் தகுதி ஓட்டத்தை அளக்கும் கடிகாரத்துக்கு இல்லாதது போலவே சிறுநீர்க் குடுவைக்கும் இல்லை.