ஊர் எவ்வகைக் கணக்கு?

ஒரு தெருவை மணிக்கு எத்தனை வாகனங்கள் கடக்கின்றன என்று எளிதில் எண்ணிவிடலாம். அத்தெரு உயிரோட்டம் உள்ளதா என்பதை எதைக் கொண்டு அளப்பது? இக்கேள்வியைக் கூர்மையாக எழுப்பிய நூல், ஜேன் ஜேக்கப்ஸ் அம்மையார் 1961-இல் வெளியிட்ட ‘மாபெரும் அமெரிக்க நகரங்களின் மரணமும் வாழ்வும்’. நகரமைப்பில் பட்டம் பெறாத ஒரு பத்திரிகையாளர் எழுதிய இந்நூல் அத்துறையையே உலுக்கிவிட்டது. அது நமக்கும் பொருந்துமா? குழித்துறையையே உரைகல்லாகக் கொண்டு பார்ப்போம்.

நூலின் சாரம் நான்கு நிபந்தனைகள். வீடு, கடை, பணியிடம் எனப் பல பயன்கள் ஒரே பகுதியில் கலந்திருக்க வேண்டும். தெருக்கள் குறுகிய இடைவெளியில் ஒன்றையொன்று வெட்ட வேண்டும். பழைய கட்டடங்களும் புதியனவும் சேர்ந்திருக்க வேண்டும். மக்கள் நெருக்கமாக வாழ வேண்டும். இரண்டாவது நிபந்தனையை நீங்களே கணக்கிட்டு அறியலாம். ஒரு சதுர நிலத்தைத் தெருக்களால் 4 சம கட்டங்களாகப் பிரித்தால், ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குச் செல்லும் மிகக் குறுகிய வழிகள் 6. அதையே 16 கட்டங்களாகப் பிரித்தால் அவ்வழிகள் 70! வழிகள் பெருகினால் தெருமுனைகள் பெருகும். முனைகளில் கடைகளும், தெருவைக் கவனிக்கும் கண்களும் பெருகும்.

அறிவியல் மாணவர்கள் தவறாமல் படிக்க வேண்டியது இறுதி அதிகாரம். வாரன் வீவர் என்னும் அறிஞர் 1948-இல் அறிவியல் வினாக்களை மூன்றாக வகுத்தார். வாயுவின் அழுத்தமும் பருமனும் போல இரண்டு மாறிகளே உள்ளவை முதல் வகை. எண்ணற்ற மூலக்கூறுகளின் இயக்கம்போலச் சராசரியால் விளக்கக்கூடியவை இரண்டாம் வகை. உயிருள்ள உடல்போல உறுப்புகள் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்தவை மூன்றாம் வகை. ஊர் மூன்றாம் வகையைச் சேர்ந்தது. ஆனால் திட்டமிடுவோர் அதை முதலிரண்டு வகைகளாகவே கருதிவிடுகின்றனர் என்பதே அம்மையாரின் குற்றச்சாட்டு.

இனி, குழித்துறை நகராட்சிக்குள் அடங்கிய மார்த்தாண்டத்தைப் பாருங்கள். தொடுவெட்டி என்ற பழம்பெயர் கொண்ட சந்தையூர் இது. பல பயன்களின் கலப்பும், பழையதும் புதியதுமான கட்டடங்களும், மக்கள் நெருக்கமும் எவரும் திட்டமிடாமலே இங்கு அமைந்துவிட்டன. 2019-இல் இச்சந்திப்பின் மேல் நீண்ட எஃகு மேம்பாலம் ஒன்று முறைப்படி திறக்கப்பட்டது. நாகர்கோவிலுக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடையே ஓடும் வாகனங்களுக்கு அது நன்மையே. ஆயினும் அது முதல் வகைக் கணக்கின் விடை: வாகனங்கள் எத்தனை, வழியின் அகலம் எவ்வளவு? பாலத்தின் கீழே மீன்கூடையுடன் சாலையைக் கடக்கும் மூதாட்டி அச்சமன்பாட்டில் இடம்பெறவே இல்லை.

நூலின் குறையும் இங்கேதான் வெளிப்படுகிறது. நடைபாதையின் பயன்களை விளக்க மூன்று அதிகாரங்கள் ஒதுக்கிய அம்மையார், நடைபாதை இருக்கிறது என்பதைத் தொடக்கத்திலேயே ஏற்றுக்கொண்டுவிடுகிறார். நியூயார்க்கில் அது சரி. நம் ஊர்களில் உயிரோட்டத்துக்குப் பஞ்சமில்லை; கால்வைக்க இடத்துக்குத்தான் பஞ்சம். மணிக்கு 30 கிலோமீட்டரில் செல்லும் ஊர்தி 60 கிலோமீட்டர் வேகத்தை எட்டினால் அதன் இயக்க ஆற்றல் இரு மடங்கன்று, நான்கு மடங்காகிறது. அதன் அருகே, தடுப்பேதும் இன்றி, நம் பிள்ளைகள் பள்ளிக்கு நடக்கிறார்கள். எனவே தொடர்ச்சியான நடைபாதையும் நிழலும் என ஐந்தாவது நிபந்தனை ஒன்றை நாம் சேர்த்தாக வேண்டும். இது இயலாத காரியமும் அன்று. அதே 2019-இல் சென்னைத் தியாகராய நகரின் பாண்டி பஜாரில், வாகனங்களுக்கான இடத்தைக் குறைத்து அகலமான நடைபாதைகள் அமைக்கப்பட்டன.

குறை இருப்பினும் இந்நூல் கற்பிக்கும் பார்வை நமக்கு இன்றியமையாதது. உங்கள் ஊர்ச் சந்திப்பில் ஒரு மணி நேரம் நின்று எண்ணிப் பாருங்கள்: கடந்த வாகனங்களை மட்டுமல்ல, நின்று பேசியவர்களையும், துணையின்றிச் சாலையைக் கடக்க முடிந்த குழந்தைகளையும். ஊரின் நலத்தைக் கூறுவது இந்த இரண்டாவது எண்ணிக்கையே.