விரல் அறியும் இடைவெளி

வோக்ஸ்வாகன் நிறுவனம் 1950-இல் உற்பத்தியைத் தொடங்கிய டைப் 2 என்னும் பெட்டி வடிவ வேன், அடுத்த ஆண்டே வெஸ்ட்ஃபாலியா நிறுவனத்தின் கைவண்ணத்தில், உறங்கவும் உண்ணவும் இடந்தரும் கேம்பர் வேனாக, அதாவது வீடும் வண்டியும் ஒன்றேயான ஊர்தியாக, உருப்பெற்றது. உடையவரே அதைப் பழுதுபார்த்துக்கொள்ளும் மரபு அமெரிக்காவில் வேரூன்றியதற்கு அதன் எஞ்சினின் எளிமை ஒரு காரணம்; அதில் ரேடியேட்டரும் இல்லை, குளிர்விக்கும் நீரும் இல்லை, இரண்டிரண்டாக எதிரெதிரே படுத்திருக்கும் நான்கு சிலிண்டர்களைக் காற்றே குளிர்விக்கிறது. பொறியாளர் ஜான் மியூர் 1969-இல் வெளியிட்ட கையேடு, ஸ்பானரைத் தொட்டறியாதவரையும் மனத்திற்கொண்டு எழுதப்பட்டு, பீட்டர் அஷ்வாண்டனின் கோட்டோவியங்களோடு அம்மரபுக்கு உரமூட்டியது.

இவ்வண்டியில் உடையவர் செய்யத்தக்க வேலைகள் பல. ஆனால் கலை என்று சொல்லத்தக்கது வால்வு இடைவெளியைச் சரிசெய்வதே. தமிழ்நாட்டுப் பட்டறைகளில் இதை டேப்பட் செட்டிங் என்பர். வால்வுத் தண்டின் முனைக்கும் அதை அழுத்தும் ராக்கர் என்னும் நெம்புகோலுக்கும் இடையே, எஞ்சின் முற்றிலும் ஆறியிருக்கும்போது, பொதுவாக 0.15 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். வண்டியின் அடியில் படுத்து, மூடியைப் பிடித்திருக்கும் கம்பியை நெம்பி விலக்கி, பிஸ்டன் உச்சியில் நின்று இரு வால்வுகளும் மூடியிருக்கும் நிலைக்கு எஞ்சினைக் கையால் சுழற்றிய பின், ஃபீலர் கேஜ் எனப்படும் மெல்லிய எஃகுத் தகடு அவ்விடைவெளியில் செருகப்படுகிறது. தகடு தாராளமாக நழுவவும் கூடாது, சிக்கிக்கொள்ளவும் கூடாது. மெல்லிய இழுவையொன்று விரலுக்குத் தெரிய வேண்டும். அந்த இழுவையை எந்தக் கையேடும் சொல்லித்தர இயலாது. இடைவெளி அமைந்த பிறகும், பூட்டு நட்டை முறுக்கும்போது, இடைவெளியை அமைக்கும் திருகும் சற்றே உடன் திரும்பி அளவைக் கெடுத்துவிடும். ஒரு கை ஸ்க்ரூடிரைவரால் திருகை அசையாது நிறுத்த, மறு கை நட்டை இறுக்கும் அந்த நொடியில்தான் பழகிய கை தனித்துத் தெரிகிறது.

இந்த எஞ்சினைக் கேட்பதிலும் நுட்பம் உண்டு. இடைவெளி மிகுந்த வால்வு டிக்டிக்கென்று ஒலித்துத் தன் குறையை அறிவித்துவிடுகிறது. இடைவெளி அற்றுப்போன வால்வோ அமைதியாகவே எரிந்து அழிகிறது. வெளியேற்று வால்வு தன் வெப்பத்தின் பெரும்பகுதியை, மூடியிருக்கும் வேளையில் அமரும் வளையத்தின் வழியாகவே இறக்கிவைக்கிறது. தேய்மானத்தாலும் தண்டு நீள்வதாலும் இடைவெளி மறைந்தால் அது முழுமையாக அமர முடியாமல் சூடேறி, இறுதியில் தலை முறிந்து சிலிண்டருக்குள் விழவும் கூடும். 1971-க்கு முந்தைய எஞ்சின்களில் எண்ணெய்க் குளிர்விப்பான் காற்றின் பாதையில் நின்று மூன்றாம் சிலிண்டருக்குச் செல்லும் காற்றைத் தடுத்தமையால், தேர்ந்தவர்கள் அதன் வெளியேற்று வால்வைத் தனிக் கவனத்தோடு நோக்குவர். ஓசையற்ற எஞ்சினைக் கண்டு மகிழாமல் ஐயுறும் இந்தச் செவிப்பயிற்சி போற்றத்தக்கது.

3,000 மைலுக்கு ஒருமுறை இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும் என்ற மியூரின் அறிவுரையைச் சிலர் மிகையெனக் கருதினாலும், அவ்வப்போது கைவைப்பவருக்கே முந்தைய அளவிலிருந்து இடைவெளி எவ்வளவு நகர்ந்தது என்பது தெரியும். ஒரே வால்வு மீண்டும் மீண்டும் இறுகினால், அது முறியப்போவதற்கான முன்னறிவிப்பு. ஆகவே பழைய டைப் 2 ஒன்றை வாங்குவோர், வண்ணப்பூச்சுக்கும் திரைச்சீலைக்கும் செலவிடுமுன் ஒரு ஃபீலர் கேஜ் வாங்கி, எட்டு வால்வுகளின் அளவையும் ஒரு குறிப்பேட்டில் எழுதத் தொடங்க வேண்டும்.