ஈறுப் பையில் கிருமி எண்ணுவது எதற்கு?

ஜி.எஸ்.டி. சாலையில் வண்டலூர், கூடுவாஞ்சேரிப் பக்கத்தில் பல் மருத்துவக் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. வண்டலூரிலிருந்து உள்ளே போனால் இரத்தினமங்கலத்தில் தாகூர் கல்லூரி. கூடுவாஞ்சேரிக்கு அடுத்த ரயில் நிலையமான பொத்தேரியில் எஸ்.ஆர்.எம். காட்டாங்குளத்தூர் கல்லூரி. ஈறு நோய்த் துறையில் எம்.டி.எஸ். படிப்பவர்கள் மூன்றாண்டுக்குள் ஓர் ஆய்வேடு எழுதியாக வேண்டும். நாள்பட்ட ஈறு நோயாளிகளின் ஈறுப் பையில், அதாவது ஈறு பல்லைவிட்டு விலகி உண்டாகும் பள்ளத்தில், எந்தக் கிருமி எவ்வளவு இருக்கிறது என்று பி.சி.ஆர். முறையில் அளப்பது அந்தத் துறையில் நன்கு பழகிய ஆய்வு வகை. அந்தச் சோதனையை ஆய்வுக்கு வெளியே, சாதாரண நோயாளிக்கும் எழுதித் தரலாமா என்பதுதான் இங்கே கேள்வி.

முதலில் அதற்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிட வேண்டும். பாஸ்டனின் ஃபோர்சித் நிறுவனத்தில் சிக்மண்ட் சொக்ரான்ஸ்கியும் கூட்டாளிகளும் 185 பேரிடமிருந்து 13,000க்கும் மேற்பட்ட பற்படல மாதிரிகளை எடுத்து, 40 வகைக் கிருமிகளை டி.என்.ஏ. முறையில் தேடினார்கள். 1998இல் வெளியான அந்த ஆய்வுதான் மூன்று கிருமிகளைச் 'சிவப்புக் கூட்டம்' என்று ஒன்றாக நிறுத்தியது: போர்ஃபைரோமோனாஸ் ஜின்ஜிவாலிஸ், டானரெல்லா ஃபோர்சிதியா, ட்ரெப்போனிமா டென்டிகோலா. பை ஆழமாக ஆழமாக இவை கூடின. ஈறில் ரத்தக் கசிவு உள்ள இடத்திலும் கூடின. வெறும் அழுக்குதான் ஈறைக் கெடுக்கிறது என்ற பழைய எண்ணத்தை இத்தகைய வேலைதான் மாற்றியது.

பழைய வழி கிருமியை வளர்த்துப் பார்ப்பது. இவை காற்றுப் பட்டால் சாகிறவை. ஆக்சிஜன் இல்லாத பெட்டியில், ரத்தம் கலந்த ஊட்டத்தில் ஒன்றிரண்டு வாரம் காத்திருந்தால் ஜின்ஜிவாலிஸ் கறுப்புத் திட்டுகளாக வளரும். மாதிரி ஆய்வகம் போய்ச் சேர்வதற்குள் கிருமி இறந்துவிட்டால் 'இல்லை' என்று முடிவு வரும். எந்த ஆன்டிபயாடிக் கேட்கும் என்று கிருமியிடமே சோதித்துப் பார்க்க வழிகொடுக்கும் முறை என்பதால் மட்டும், அது இன்னும் தேவைப்படுகிறது.

ரியல் டைம் பி.சி.ஆர். சில மணி நேரத்தில் எண்ணிக்கை தருகிறது. பல்லைச் சுற்றிப் பஞ்சு வைத்து, மேலே படிந்ததை நீக்கி, கூரான காகிதக் குச்சியைப் பைக்குள் சில விநாடி வைத்து எடுக்கிறார்கள். அதில் ஒட்டிய டி.என்.ஏ. ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிக்கும். அது கூடக் கூடச் சாயம் ஒளிரும்; எத்தனையாவது சுற்றில் அந்த ஒளி குறித்த எல்லையைத் தாண்டுகிறது என்பதிலிருந்து தொடக்க அளவைக் கணக்கிடுகிறார்கள்.

சிக்கலும் இந்த எண்ணிக்கையிலேயே இருக்கிறது. எண்ணப்படுவது மரபணுப் பிரதிகள். ஜின்ஜிவாலிஸின் ஒரு செல்லில் 16எஸ் மரபணு நான்கு பிரதிகளாக இருக்கிறது, டென்டிகோலாவில் இரண்டு. இதைத் திருத்தாமல் இரண்டையும் ஒப்பிட்டால் கணக்கு பிழைபடும். இறந்த கிருமியின் டி.என்.ஏ.வும் எண்ணப்படுவதால், சிகிச்சை முடிந்த கையோடு எடுத்த அளவை நம்ப முடியாது. மாதிரியிலோ இன்னும் பெரிய ஓட்டை. 28 பல் உள்ளவரின் வாயில், பல்லுக்கு ஆறு இடம் வீதம் 168 இடங்களை அளக்க வேண்டும். கிருமிச் சோதனைக்குப் பெரும்பாலும் மிக ஆழமான நாலைந்து இடங்களிலிருந்துதான் எடுக்கிறார்கள். அந்த எண் வாய் முழுவதற்கும் ஆகாது.

இவற்றைவிட ஆழமான சந்தேகத்தை 2011இல் எலிகளில் நடந்த ஓர் ஆய்வு கிளப்பியது. மிகக் குறைந்த அளவில் சேர்த்த ஜின்ஜிவாலிஸ், வாயில் ஏற்கெனவே இருந்த மற்றக் கிருமிகளின் போக்கையே மாற்றி எலும்பைக் கரைத்தது. வேறு கிருமியே இல்லாத எலிகளில் அதே ஜின்ஜிவாலிஸால் எலும்பைக் கரைக்க முடியவில்லை. ஒரு கரண்டி உறைமோர் பானைப் பாலைத் தயிராக்குவது போன்ற வேலை இது. அப்படியானால் அதிக எண்ணிக்கை அதிக ஆபத்து, குறைந்த எண்ணிக்கை குறைந்த ஆபத்து என்று எந்தத் துணிவில் சொல்வது? ஈறு நலமாக உள்ள பலரிடமும் இந்தக் கிருமி இருக்கிறது என்பதும் தெரிந்த உண்மை.

ஆய்வேடுகளில் எனக்குள்ள குறை இதுதான்: நோய் முற்றியவர்களையும் நலமானவர்களையும் ஒரே ஒருமுறை ஒப்பிட்டுவிட்டு, கிருமி கூடியிருப்பதைக் காரணமாக எழுதிவிடுகிறார்கள். ஆழமான பையில் காற்று குறைவு, ரத்தமும் புரதமும் ஏராளம். அங்கே இந்தக் கிருமிகள் செழிப்பது நோயின் விளைவாகவும் இருக்கலாம். அதே நபர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால்தான் எது முந்தியது என்று தெரியும். ஒரு மாணவரின் மூன்றாண்டில் அது முடியாது. அடுத்தடுத்து வரும் மாணவர்கள் ஒரே நோயாளிக் குழுவைத் தொடர்ந்து பார்க்கும்படி துறை திட்டமிட்டால் முடியும். நம் மக்களைப் பற்றி அப்படிப்பட்ட தரவு வேண்டும் என்று மனமார விரும்புகிறேன்.

நோயாளிக்கு வருவோம். 2018இல் வெளியான உலகளாவிய வகைப்பாடு ஈறு நோயின் நிலையைப் பற்றிழப்பு (பல்லைப் பிடித்திருக்கும் திசு விலகுவது), எலும்பிழப்பு, விழுந்த பற்கள் ஆகியவற்றை வைத்துத் தீர்மானிக்கிறது. நோய் எவ்வளவு வேகமாக முற்றும் என்று கணிக்கப் புகைபிடித்தலும் சர்க்கரையும் கணக்கில் வருகின்றன. கிருமி எண்ணிக்கைக்கு அதில் இடம் தரப்படவில்லை. எண் எதுவாக வந்தாலும் முதல் சிகிச்சை ஒன்றுதான்: காரையைச் சுரண்டி எடுத்து, வேரைச் சுத்தம் செய்து, வீட்டில் துலக்கும் முறையைத் திருத்துவது. சிகிச்சையை மாற்றாத சோதனைக்கு மாதச் சம்பளக்காரர் பணம் கட்டுவது நியாயமில்லை. அந்த எண்ணைக் காட்டி மெட்ரோனிடசோலும் அமாக்சிசிலினும் எழுதித் தருவது அதைவிடத் தவறு. நன்றாகச் சுத்தம் செய்தும் ஆறாத பை, இள வயதிலேயே வேகமாகக் கரையும் எலும்பு ஆகிய இரண்டு நிலைகளில் மட்டும் சோதனையை நான் ஏற்பேன். அங்கேயும் மருந்தைத் தேர்வு செய்யும் முன் கிருமியை வளர்த்துப் பார்ப்பதே மேல்.

பையின் ஆழத்தை அளக்க எளிய வழி இருக்கிறது. நுனியில் 0.5 மில்லிமீட்டர் உருண்டையும் 3.5 முதல் 5.5 வரை கறுப்புப் பட்டையும் கொண்ட உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல் கம்பிக்கு மின்சாரமும் வேண்டாம், ரசாயனமும் வேண்டாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் சர்க்கரை நோயாளிக்கு மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. சர்க்கரை ஈறைக் கெடுக்கும், கெட்ட ஈறு சர்க்கரையை ஏற்றும் என்று தெரிந்திருக்கையில், அந்தத் திட்டத்தின் பட்டியலில் உள்ளவர்களை ஆண்டுக்கொருமுறை இந்தக் கம்பியால் பார்க்கும் பொறுப்பை இப்பகுதிக் கல்லூரிகள் ஏற்க வேண்டும்.

நந்திவரத்திலோ ஊரப்பாக்கத்திலோ பல் மருத்துவரிடம் போகிறவர்கள் ஈறுப் பை எத்தனை மில்லிமீட்டர் என்று கேளுங்கள். எந்தப் பல்லில் எவ்வளவு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சுத்தம் செய்து மூன்று மாதம் கழித்து அதே இடங்களை மறுபடி அளக்கச் சொல்லுங்கள்.