இரண்டு நாள் பயிற்சி உயிரைக் காக்குமா?

1976ஆம் ஆண்டு பிப்ரவரி 17ஆம் நாள், அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஒரு சிறு விமானம் வயலில் விழுந்து நொறுங்கியது. ஓட்டி வந்தவர் ஜேம்ஸ் ஸ்டைனர் என்னும் எலும்பு அறுவை மருத்துவர். மனைவி அங்கேயே இறந்துவிட்டார். நான்கு குழந்தைகளில் மூவருக்குக் கடுமையான காயம். தாமும் அடிபட்டிருந்த அவர், சாலையில் போன காரொன்றை நிறுத்திக் குழந்தைகளைச் சிறு மருத்துவமனை ஒன்றில் சேர்த்தார். கதவு பூட்டிக் கிடந்தது. திறந்த பின் கிடைத்த சிகிச்சையோ, வெட்டவெளியில் தாம் வெறுங்கையால் செய்ததைவிட மோசம் என்று பின்னாளில் அவர் குறைப்பட்டார்.

அந்தக் குறையிலிருந்து பிறந்ததுதான் ஏ.டி.எல்.எஸ். எனப்படும் விபத்து உயிர்காப்புப் பயிற்சி. 1978இல் நெப்ராஸ்காவிலேயே தொடங்கிய இதை, 1980இல் அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி ஏற்றுக்கொண்டது. இன்றுவரை பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மருத்துவர்கள் இதில் தேறியிருக்கிறார்கள்.

இதன் கருத்து எளியது. விரைவில் கொல்வதை முதலில் கவனி! நெடுங்காலம் கற்பித்த வரிசை இது: முதலில் மூச்சுப்பாதை, அடுத்து சுவாசம், பிறகு இரத்த ஓட்டம், நரம்பு நிலை, கடைசியில் உடையை அகற்றி முழு உடல் சோதனை. சாலை விபத்தில் அடிபட்டவரைப் பார்க்கும்போது உங்கள் கண் எங்கே போகும்? முறிந்து தொங்கும் காலுக்குத்தான். மருத்துவர் கண்ணும் அங்கேதான் போய்க்கொண்டிருந்தது. கால் காத்திருக்கும், அடைபட்ட மூச்சுப்பாதை சில நிமிடங்கள்கூடக் காத்திராது. இந்த ஒழுங்கைக் கற்பித்ததற்கு இப்பயிற்சியை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

ஆனால், அதனால் உயிர்கள் பிழைத்தனவா? டிரினிடாடில் ஒரு மருத்துவமனையில் பலத்த காயமுற்றோரின் இறப்பு, பயிற்சிக்கு முன் 67.5 சதவீதமாக இருந்து பின்பு 33.5 சதவீதமாகக் குறைந்தது. பாதியாகக் குறைந்ததே என்று வியக்கலாம். பொறுங்கள்! பயிற்சிக்கு முந்தைய ஆண்டுகளையும் பிந்தைய ஆண்டுகளையும் ஒப்பிட்ட கணக்கு இது. இடையில் அங்கு வேறு என்னென்ன மாறினவோ! எந்த மருத்துவமனை பயிற்சி பெறும் என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்து ஒப்பிட்டால்தான் சந்தேகம் தீரும். 2014இல் காக்ரேன் ஆய்வுக் குழு உலகெங்கும் தேடியது. இறப்பைக் குறைக்கிறது என்று காட்டும் அத்தகைய சோதனை எதுவும் கிடைக்கவில்லை. மருத்துவரின் அறிவு கூடுகிறது என்பதற்கு மட்டுமே சான்று இருந்தது. அந்த அறிவும் ஆறு மாதங்களில் தேயத் தொடங்குகிறது. சான்றிதழோ நான்கு ஆண்டுகள் செல்லும்!

பாடமே தவறாக இருந்தால்? இரத்தம் இழந்தவருக்கு உடனே இரண்டு லிட்டர் வரை உப்புநீர் ஏற்று என்று நெடுங்காலம் கற்பித்தார்கள். அது இரத்தத்தை நீர்க்கச் செய்யும். அழுத்தம் ஏறியதும் உறைந்த கட்டி பிய்த்துக்கொண்டு மீண்டும் இரத்தம் பெருகும். 1994இல் ஹூஸ்டன் நகரில், உடற்பகுதியில் குண்டோ கத்தியோ பாய்ந்த 598 பேரிடம் இதைச் சோதித்தனர். உடனே நீர் ஏற்றப்பட்டோரில் 62 சதவீதம் பிழைத்தனர். அறுவைக் கூடம் சேரும்வரை காத்திருந்தோரில் 70 சதவீதம். எல்லா விபத்துக்கும் இது பொருந்தாதுதான். ஆயினும் ஒரு லிட்டர் போதும் என்று 2018ஆம் ஆண்டுப் பதிப்பு கூறும் வரை ஏறத்தாழ கால் நூற்றாண்டு ஓடிவிட்டது.

இன்னொன்று. கிராமத்தில் தனித்து நிற்கும் மருத்துவரை மனத்தில் வைத்து எழுந்த பாடம் இது. அதனால்தான் ஒன்றன்பின் ஒன்றான வரிசை. பெரிய மருத்துவமனையில் ஐவர் சூழ்ந்து நின்று எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்கிறார்கள். குழுவை நடத்தத் தெரிவது வேறு வித்தை; மாரடைப்பும் பாம்புக்கடியும் விஷமும் ஒரே இரவில் வந்து சேரும் அறையில் அது இரண்டு நாளில் வராது. இந்திய மருத்துவக் கழகம் 2009இல் அவசர மருத்துவத்தைத் தனிப் பட்டமேற்படிப்பாக ஏற்றது இதனால்தான் பொருத்தமாகிறது. அது மூன்றாண்டுப் படிப்பு. இரண்டு நாள் சான்றிதழை அதற்கு ஈடாக வைப்பது, நீச்சல் புத்தகம் படித்தவரை ஆற்றில் காவல் நிறுத்துவது போல.

காக்ரேன் குழு தேடிக் காணாத அந்தச் சோதனை, அண்மை ஆண்டுகளில் நம் இந்திய மருத்துவமனைகளிலேயே தொடங்கப்பட்டுள்ளது. குலுக்கல் முறையில்தான்.