ஓநாய்கள் ஆறுகளை மாற்றினவா? ஒரு குறும்படமும் யெல்லோஸ்டோன் விவாதமும்

‘ஹவ் உல்வ்ஸ் சேஞ்ச் ரிவர்ஸ்’ (ஓநாய்கள் ஆறுகளை மாற்றும் விதம்) என்பது 2014ஆம் ஆண்டு இணையத்தில் வெளியான, சுமார் நான்கரை நிமிடம் ஓடும் ஆங்கிலக் குறும்படம் ஆகும். பிரித்தானிய எழுத்தாளர் ஜார்ஜ் மான்பியாட் 2013இல் ஆற்றிய டெட் உரையின் ஒரு பகுதியே இதன் பின்னணிக் குரலாக அமைந்துள்ளது. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் ஓநாய்களை மீண்டும் கொண்டுவந்து விட்டதால் காடும் விலங்குகளும் ஆறுகளின் போக்கும் மாறின என்பது இப்படத்தின் கருத்து. பல கோடிப் பேர் இதைப் பார்த்துள்ளனர். உணவுச் சங்கிலி பாடத்துக்கு எடுத்துக்காட்டாகப் பல நாட்டு வகுப்பறைகளிலும் இது காட்டப்படுகிறது.

பணி ஓய்வுக்கு முந்தைய ஆண்டுகளில் இப்படத்தை வகுப்பில் காட்டிய ஆசிரியர்களில் நானும் ஒருவன். மாணவர்கள் அதை ஒருமுறை பார்த்தால் மறப்பதில்லை. அதனாலேயே, அதில் எவ்வளவு உண்மை என்பதைச் சரிபார்க்க வேண்டிய பொறுப்பும் இருக்கிறது.

பின்னணி

யெல்லோஸ்டோன் 1872இல் நிறுவப்பட்டது. பெரும்பகுதி வயோமிங் மாநிலத்தில் உள்ளது. பரப்பு ஏறத்தாழ 9,000 சதுர கிலோமீட்டர். கால்நடைகளையும் மான்களையும் காப்பதாகக் கூறி அரசே ஓநாய்களைக் கொன்றொழித்தது. பூங்காவில் கடைசி ஓநாய்கள் 1926இல் கொல்லப்பட்டன. அதன்பின் எல்க் எனப்படும் பெரிய மானினம் பெருகியது. பூங்காப் பணியாளர்களே 1968 வரை எல்க்குகளைச் சுட்டும் பிடித்தும் எண்ணிக்கையைக் குறைத்துவந்தனர். பொதுமக்கள் எதிர்ப்பால் அது நின்றதும் எண்ணிக்கை மீண்டும் ஏறியது.

1973ஆம் ஆண்டின் அருகிவரும் உயிரினங்கள் சட்டம் ஓநாய்களுக்குப் பாதுகாப்பு அளித்தது. நீண்ட வழக்குகளுக்கும் வாதங்களுக்கும் பிறகு 1995இல் கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்திலிருந்து 14 ஓநாய்களும், 1996இல் பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்து 17 ஓநாய்களும் கொண்டுவரப்பட்டன. பூங்காவில் அவற்றின் எண்ணிக்கை 2003இல் 174 என்ற உச்சத்தைத் தொட்டது. பின்னர் குறைந்து நூறையொட்டி நிலைபெற்றது.

படம் சொல்லும் கதை

கதை எளிமையானது. ஓநாய்கள் சில மான்களைக் கொன்றன. அதைவிட முக்கியமாக, மான்களின் நடத்தையை மாற்றின. எளிதில் சிக்கிக்கொள்ளக்கூடிய பள்ளத்தாக்குகளையும் ஆற்றோரங்களையும் மான்கள் தவிர்த்தன. அங்கே ஆஸ்பென், வில்லோ, காட்டன்வுட் மரங்கள் ஓங்கி வளர்ந்தன. பறவைகள் வந்தன. அணை கட்டி வாழும் பெரிய கொறிவிலங்கான பீவர் பெருகியது. ஓநாய்கள் கொயோட்டிகளைக் கொன்றதால் முயலும் எலியும் கூடின. அவற்றை உண்ணும் பருந்துகளும் நரிகளும் கூடின. இறுதியில் கரைகள் உறுதிப்பட்டு ஆறுகளே நிலைகொண்டன.

மேல்நிலை வேட்டை விலங்கு ஒன்றின் தாக்கம் இரை விலங்கு வழியாகத் தாவரம் வரை இறங்குவதை ஊட்டநிலைத் தொடர்விளைவு என்பர். அது உண்மையான, பல இடங்களில் நிறுவப்பட்ட கருத்து. யெல்லோஸ்டோனில் அது எந்த அளவுக்கு நடந்தது என்பதே விவாதம்.

படம் சரியாகச் சொல்பவை

சில செய்திகளுக்கு நல்ல ஆதாரம் உண்டு. ஓநாய்கள் விட்டுச்செல்லும் இறைச்சி காக்கை இனப் பறவைகள், கழுகுகள், கரடிகள் ஆகியவற்றுக்கு உணவாகிறது. ஓநாய் இல்லாத காலத்தில் எல்க்குகள் பெரும்பாலும் கடுங்குளிரின் முடிவில்தான் மடிந்தன. இப்போது இறைச்சி குளிர்காலம் முழுவதும் பரவலாகக் கிடைக்கிறது.

கொயோட்டிகள் தொடக்கத்தில் வெகுவாகக் குறைந்ததும் உண்மை. கொயோட்டிகள் குறைந்த இடங்களில் பிராங்ஹார்ன் என்னும் மான் போன்ற விலங்கின் குட்டிகள் அதிகம் பிழைத்தன என்பதும் கள ஆய்வில் தெரிந்தது. ஆனால் கொயோட்டிகள் சில ஆண்டுகளில் ஓநாய்களுக்கு இடையே வாழப் பழகிக்கொண்டன. படமோ முதல் சில ஆண்டுகளின் நிலையை நிலையான முடிவாகக் காட்டுகிறது.

வில்லோவும் ஆஸ்பெனும் சில இடங்களில் நன்கு வளர்ந்துள்ளன. ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் வில்லியம் ரிப்பிள், ராபர்ட் பெஷ்டா ஆகியோர் இதைப் பல ஆண்டுகளாகப் பதிவுசெய்துள்ளனர். படத்தின் கதைக்கு அடிப்படையும் இவர்களைப் போன்றோரின் ஆய்வுகளே.

எல்க் குறைந்ததற்கு யார் காரணம்?

பூங்காவின் வடபகுதி எல்க் மந்தையில் 1994இல் ஏறத்தாழ 19,000 விலங்குகள் இருந்தன. 2013 கணக்கெடுப்பில் அது 4,000க்கும் கீழே வந்தது. இடையில் ஓநாய்கள் வந்தன என்பதால் முழுப் பொறுப்பும் அவற்றுக்கே என்று படம் பார்ப்பவர் எண்ணுவார்.

ஆனால் அதே காலத்தில் வேறு பலவும் நடந்தன. பூமா என்னும் மலைச்சிங்கமும் கிரிஸ்லி கரடியும் பெருகின. பூங்கா எல்லைக்கு வெளியே பெண் எல்க்குகளைப் பெருமளவில் மனிதர்கள் வேட்டையாடினர். 1997இன் கடுங்குளிரும் பின்னர் வந்த வறட்சியும் மந்தையைத் தாக்கின.

இதில் ஒரு கண்ணி மிகவும் கவனிக்கத்தக்கது. யெல்லோஸ்டோன் ஏரியில் மனிதர்கள் விட்ட அயல் மீனான ஏரி டிரவுட் 1994இல் கண்டறியப்பட்டது. அது உள்ளூர் கட்த்ரோட் டிரவுட்டைத் தின்று குறைத்தது. கட்த்ரோட் முட்டையிட ஓடைகளுக்கு ஏறிவரும். அதைக் கரடிகள் பிடித்துண்ணும். ஏரி டிரவுட் ஆழத்திலேயே தங்கிவிடும். மீன் கிடைக்காத கரடிகள் எல்க் கன்றுகளை அதிகம் நாடின. ஏரிக்குள் விடப்பட்ட ஒரு மீன், மலைமேல் மேயும் மான் கன்றைப் பாதித்தது. இதுவும் ஓநாய்க் கதைக்குக் குறையாத அதிசயமே. படத்தில் இதற்கு இடமில்லை.

அச்சம் என்னும் விளக்கம்

எல்க்குகள் ஓநாய்க்கு அஞ்சி ஆபத்தான இடங்களைத் தவிர்க்கின்றன என்பது படத்தின் மையம். இதைச் சோதிக்க மேத்யூ காஃப்மன் குழுவினர் 2010இல் ஓர் ஆய்வு வெளியிட்டனர். அச்சமே காரணம் என்றால், ஓநாய் ஆபத்து மிகுந்த இடங்களில் ஆஸ்பென் கன்றுகள் கூடுதலாகப் பிழைக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை.

பிற்கால ஆய்வுகள் ஒரு காரணத்தைச் சுட்டின. ஓநாய்கள் பெரும்பாலும் விடியலிலும் அந்தியிலும் வேட்டையாடுகின்றன. மற்ற நேரங்களில் எல்க்குகள் அதே இடங்களுக்கு வந்து மேய்கின்றன. பசித்த விலங்கு உணவுள்ள இடத்தை முற்றாகக் கைவிடுவதில்லை. எல்க்குகளின் எண்ணிக்கை குறைந்ததால் மேய்ச்சல் குறைந்தது என்பதற்கே ஆதாரம் வலுவாக உள்ளது.

ஆறும் பீவரும்

படத்தின் தலைப்பே ஆற்றைப் பற்றியது. அதன் மிகப் பலவீனமான பகுதியும் அதுவே.

வில்லோவுக்கு ஈரமான மண் வேண்டும். பீவர்கள் ஓடைகளில் அணை கட்டியிருந்தபோது நீர் தேங்கி நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்திருந்தது. ஓநாய்கள் அழிந்தபின் எல்க்குகள் வில்லோவை மேய்ந்து தீர்த்தன. வில்லோ இல்லாமல் பீவர்கள் வெளியேறின. பராமரிப்பற்ற அணைகள் உடைந்தன; ஓடை தன் படுகையையே அரித்து ஆழமானது; நீர்மட்டம் வேருக்கு எட்டாமல் இறங்கியது.

கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் டாம் ஹாப்ஸ் குழுவினர் 2001இல் ஒரு நீண்ட சோதனையைத் தொடங்கினர். சில இடங்களில் எல்க் புகாதபடி வேலி மட்டும் அமைத்தனர். சில இடங்களில் பீவர் அணை போன்ற செயற்கை அணை மட்டும் கட்டினர். சிலவற்றில் இரண்டையும் செய்தனர். வேலியும் அணையும் சேர்ந்த இடங்களில் வில்லோ நன்கு உயர்ந்தது. வேலி மட்டும் உள்ள இடங்களில் வளர்ச்சி மிகக் குறைவு. அதாவது, எல்க்கை முழுவதும் தடுத்தாலும் நீர் இல்லாமல் வில்லோ மீளவில்லை. ஓநாயால் செய்ய முடிந்தது எல்க்கைக் குறைப்பது மட்டுமே. இறங்கிய நீர்மட்டத்தை அதனால் ஏற்ற முடியாது.

வில்லோ உயர பீவர் வேண்டும். பீவர் தங்க உயர்ந்த வில்லோ வேண்டும். இந்த முடிச்சு ஓநாய் திரும்பியதால் மட்டும் அவிழவில்லை. பீவர் சில இடங்களில் பெருகியதற்கும் இன்னொரு காரணம் உண்டு. 1986 முதல் 1999 வரை பூங்காவுக்கு வடக்கே உள்ள காடுகளில் வனத்துறையினர் 129 பீவர்களை விட்டனர். அவற்றின் வழித்தோன்றல்கள் பூங்காவுக்குள் வந்தன. படம் இதையும் சொல்வதில்லை.

அளந்த முறை குறித்த கேள்வி

இலேய்ன் பிரைஸ், டேனியல் மெக்நல்டி ஆகியோர் பங்குகொண்ட 2022ஆம் ஆண்டு ஆய்வு, ஆஸ்பெனை அளந்த முறையையே கேள்விக்கு உள்ளாக்கியது. முந்தைய ஆய்வுகள் ஒவ்வொரு தோப்பிலும் மிக உயரமான ஐந்து இளமரங்களை அளந்தன. ஒரு வகுப்பின் தரத்தை முதல் ஐந்து மாணவரின் மதிப்பெண்ணைக் கொண்டு கணக்கிடுவது போன்றது இது. தற்செயல் மாதிரி முறையில் அளந்தபோது ஆஸ்பென் மீட்சி பல மடங்கு குறைவாகவே தெரிந்தது. ஆயினும் மீட்சியே இல்லை என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. நடந்தது உண்மை, அளவுதான் மிகை என்றது.

எதிர்த்தரப்பின் மிகை

இந்த விமர்சனங்களை ஓநாய் எதிர்ப்பாளர்கள் தமக்குச் சாதகமாக்குவதும் சரியல்ல. ஓநாய்கள் எல்க் இனத்தையே அழித்துவிட்டன என்று வேட்டைக்காரர்களில் ஒரு சாரார் கூறுவதுண்டு. ஆனால் வயோமிங் மாநிலத்தில் இன்றும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட எல்க்குகள் உள்ளன. பூங்காவின் வடமந்தை குறைந்ததும் பல காரணங்களின் கூட்டு விளைவே.

இந்த வாதத்தில் உயிர்களும் அடங்கியுள்ளன. 2021-22 வேட்டைக் காலத்தில் பூங்கா எல்லையைத் தாண்டிய 25 யெல்லோஸ்டோன் ஓநாய்கள் கொல்லப்பட்டன. கொலராடோவில் 2020இல் மக்கள் வாக்கெடுப்பில் மிகக் குறைந்த வித்தியாசத்தில் ஓநாய் மீள் அறிமுகம் ஒப்புதல் பெற்று, 2023 டிசம்பரில் முதல் ஓநாய்கள் விடப்பட்டன. அங்கு கால்நடை வளர்ப்போர் இழப்பைச் சந்திக்கிறார்கள். ஓநாய் வந்தால் ஆறே சீராகும் என்று வாக்குறுதி அளித்துவிட்டு ஆறு சீராகாவிட்டால், பழி ஓநாயின் மேல்தான் விழும். ஓநாய் ஆய்வில் மூத்தவரான டேவிட் மெக் 2012இலேயே, ஓநாயைப் புனிதப்படுத்தும் போக்கு அறிவியலுக்கு ஆபத்து என எச்சரித்தார்.

மதிப்பீடு

இந்தக் குறும்படம் பொய்யல்ல. பாதி உண்மையை முழு உண்மையாகச் சொல்கிறது. உணவு வலையை ஒற்றைச் சங்கிலியாகச் சுருக்குகிறது. கரடி, பூமா, மனித வேட்டை, வறட்சி, அயல் மீன், தாழ்ந்த நீர்மட்டம் ஆகிய அனைத்தையும் நீக்கிவிட்டு ஒரே நாயகனை நிறுத்துகிறது.

இதைவிடப் பெரிய குறை, அது தரும் ஆறுதல். இழந்ததைத் திரும்ப வைத்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்ற நம்பிக்கையைப் படம் விதைக்கிறது. யெல்லோஸ்டோனின் ஓடைகள் காட்டுவது வேறு. ஏறத்தாழ 70 ஆண்டுகள் ஓநாய் இல்லாத நிலத்தில், ஓநாய் திரும்பி வந்த பிறகும் நீர்மட்டம் திரும்பவில்லை. அழித்துவிட்டுப் பிறகு மீட்பதைவிட, அழியாமல் காப்பதே எளிது என்பதுதான் இதிலிருந்து பெற வேண்டிய பாடம்.

ஓநாய் யெல்லோஸ்டோனில் இருக்க வேண்டியது அது அந்த நிலத்துக்கு உரிய விலங்கு என்பதால். அதற்கு ஆற்றை மாற்றிய பெருமை தேவையில்லை. ஆசிரியர்கள் இப்படத்தை வகுப்பில் காட்டலாம். காட்டிய பின், படம் சொல்லாமல் விட்டவை எவை என்று மாணவர்களையே தேடச் சொன்னால், நான்கரை நிமிடப் படத்திலிருந்து நல்லதொரு அறிவியல் பாடம் கிடைக்கும்.