ஏட்டில் ஏறாத குடி

யாழ்ப்பாணத்தில் மரணம் நிகழ்ந்த வீடுகளில் முப்பத்தோராம் நாளன்று, வந்திருப்போர் கையில் ஒரு சிறுநூல் கொடுக்கப்படுகின்றது. தேவார திருவாசகங்களும், இறந்தவரின் வாழ்க்கைச் சரிதமும், வம்சாவளி அட்டவணையும் அடங்கிய அந்நூலைக் ‘கல்வெட்டு’ என வழங்குவர். விமர்சகர்கள் இதனை இலக்கியமென்று ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. ஆயினும் ஒரு நாவலைத்தானும் விலை கொடுத்து வாங்காத வீட்டிலும் சாமியறையில் பத்திரப்படுத்தி வைக்கப்படும் நூல் இதுவே. இன்று இதன் வழித்தோன்றலாக இன்னொரு நூல்வகை பெருகி வருகின்றது. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் குடியேறியவர்கள் தம் முன்னோரைத் தேடி எழுதும் குடும்ப வரலாறுகளையே கருதுகின்றேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வலிகாமத்துச் செம்மண்ணில் தோட்டஞ் செய்த கமக்காரக் குடும்பமொன்றைக் கண்டுபிடிக்கக் குடிசன மதிப்பு ஏடுகளைப் புரட்டுகின்றனர், வெறுங்கையோடு திரும்புகின்றனர். ‘ஆவணங்கள் முழுமையாக இல்லை’ என்று ஒரு வரி எழுதிவிட்டுப் பாட்டனாரின் பெருமைக்குப் போய்விடுகின்றனர். அந்த ஒரு வரியைத்தான் இங்கே விசாரிக்க வேண்டியிருக்கின்றது.

இலங்கையில் நவீன முறையிலான முதற் குடிசன மதிப்பு 1871 மார்ச் 27ஆம் திகதி எடுக்கப்பட்டது. தீவில் 24 இலட்சம் பேர் இருந்ததாக அது கூறிற்று. 1881, 1891, 1901 எனப் பத்தாண்டுக்கொரு முறை அது தொடர்ந்தது. ஆனால் அச்சேறி நம் கைக்கு வந்தவை அட்டவணைகளே. மாகாணம், ஆண், பெண், வயது, தொழில், மதம், இனம் என்ற கட்டங்களுள் மனிதர் எண்ணாகிப் போயினர். இங்கிலாந்தில் 1841ஆம் ஆண்டிலிருந்து ஒவ்வொரு வீட்டிலும் அன்றிரவு யார் யார் இருந்தனர் என்பதைப் பெயரோடு படிக்கலாம். அந்த வசதியை எண்ணிக்கொண்டு நம்மவர்கள் இங்கு வந்து தேடுவது வீண் முயற்சி. எண்ணையே நம்பிப் போவதிலும் ஆபத்துண்டு. 1871இல் வட மாகாணம் என்பது நுவரகலாவியையும் சேர்த்த பெருநிலம். 1873இல் வடமத்திய மாகாணம் பிரிந்தது. எனவே 1871ஆம் ஆண்டின் வட மாகாணமும் 1881ஆம் ஆண்டின் வட மாகாணமும் பெயரால் ஒன்றே தவிர நிலத்தால் ஒன்றல்ல. மக்கள் பெருகினர், குறைந்தனர் என்று அவசரப்பட்டு எழுதுவோர் இதனைக் கவனித்தல் நன்று.

பெயர் கிடைத்தாலும் தொல்லை தீர்ந்தபாடில்லை. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. கந்தர் மகன் வேலர், வேலர் மகன் கந்தர் என்று பாட்டன் பெயரே பேரனுக்கு வந்து சேரும். பேரன் என்ற சொல்லின் பொருளே அதுதான். ஒரு கிராமத்தில் ஒரே காலத்தில் பத்துக் கந்தர்கள் இருப்பர். அவர்களைப் பிரித்தறியக் காணியின் பெயரே துணை. ஒல்லாந்தர் காலத்துத் தோம்பும், 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்பின் நொத்தாரிசு முன்னிலையில் முடிக்கப்பட்ட உறுதிகளுமே இந்நாட்டில் கமக்காரக் குடும்பத்தைத் தொடர்ச்சியாகக் காட்டுபவை. ஒரு விசித்திரத்தையும் இங்கே சொல்ல வேண்டும். கல்வெட்டின் வம்சாவளி தந்தையிலிருந்து மகனுக்கு இறங்குகின்றது. நிலமோ தேசவழமையின்படி முதுசொமாக மகனுக்கும் சீதனமாக மகளுக்கும் போகின்றது. தாயின் சீதனம் மகளின் சீதனமாகி, அவள் மகளுக்கும் சென்ற தோட்டங்கள் எத்தனையோ. தந்தைவழியை மட்டும் பிடித்துக்கொண்டு போகின்றவர், தம் முன்னோர் உழுத நிலத்தை இரண்டாந் தலைமுறையிலேயே தவறவிட்டு விடுகின்றார். வம்சாவளியில் ஒரு கோட்டின் முனையில் ஒட்டிக்கொண்டிருக்கும் பெண், சீதன உறுதியில் காணியுடையவளாக நிமிர்ந்து நிற்கின்றாள்!

ஆயினும் அந்த உறுதிகளும் உடையவர்களின் ஏடுகளே. உழுதவர் யார் என்ற கேள்விக்கு அவற்றில் விடையில்லை.

வலிகாமத்தில் வற்றாத ஆறு இல்லை. கிணற்று நீரே கமத்தின் உயிர். துலாவின்மேல் ஏறி முன்னும் பின்னும் நடந்து மிதிக்க ஆள் வேண்டும். கீழே நின்று பட்டையைப் பிடித்து இறைக்க ஆள் வேண்டும். வாய்க்காலில் வரும் நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றிவிட ஆள் வேண்டும். திருவிதாங்கூர்ச் சந்தைக்குப் போன யாழ்ப்பாணப் புகையிலை இவ்வாறு விளைந்தது. ‘எங்கள் பூட்டனார் பத்தாயிரம் கன்று வைத்தவர்’ என்று ஒருவர் எழுதும்போது, அந்தப் பத்தாயிரம் கன்றுக்கும் விடியுமுன் நீர் இறைத்த கைகள் எத்தனை என்று கணக்குப் பார்க்க நமக்கு உரிமையுண்டு. ஒரு குடும்பத்தின் ஆண்மக்கள் மட்டும் அதனைச் செய்து முடித்திருக்க முடியாது.

விடை இன்னோர் ஏட்டில் இருக்கின்றது. 1707இல் ஒல்லாந்தரால் தொகுக்கப்பட்ட தேசவழமை, அடிமைகளைப் பற்றித் தனிப்பகுதியே கொண்டது. சீதனமாகக் கொடுக்கப்படும் உடைமைகளுள் அடிமைகளும் அடங்குவர். 1806இல் ஆங்கிலேயர் இவ்வழமைக்குச் சட்ட வலிமை அளித்தனர். கோவியர், நளவர், பள்ளர் ஆகியோரை அடிமைகளாக வைத்திருந்தவர்கள் அவர்களைப் பதிவுசெய்ய வேண்டுமென 1818இல் ஒழுங்குவிதி பிறந்தது. அவர்களுக்குப் பிறக்கும் பெண்குழந்தைகளை அரசு விலை கொடுத்து மீட்கும் ஏற்பாடு 1821இல் வந்தது. 1824இல் எடுக்கப்பட்ட கணக்கு மக்களைச் சாதிவாரியாக எண்ணிற்று.  1844இல் அடிமைமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. இருபத்தேழு ஆண்டுகள் கழித்து 1871ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பு வந்தபோது சாதிக் கட்டம் இல்லை. இனக் கட்டம் இருந்தது. காணியுடையவனும் அவன் தோட்டத்தில் இறைத்தவனும் தமிழர் என்ற ஒரே நிரலில் கூட்டப்பட்டனர்.

அதே 1871இல் சென்னை மாகாணத்துக் கணக்கெடுப்பு சாதிகளை விரிவாக எழுதிற்று. இங்கே அது எழுதப்படாமை முன்னேற்றமென்று கருதுவாருண்டு. ஆனால் எழுதப்படாததால் அழிந்துவிடும் அமைப்பா அது? கோயில் வாசலிலும், தேநீர்க்கடையிலும், கிணற்றடியிலும் நின்ற அமைப்பு ஏட்டில் மட்டும் மறைந்தது. 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பை நடத்திய பொன்னம்பலம் அருணாசலம் தமிழர். பிற்காலத்தில் தொழிலாளர் நலனுக்காக இயக்கம் கண்டவர். அத்தகையவர் பொறுப்பேற்ற காலத்திலும் அட்டவணையின் அமைப்பு அதுவாகவே இருந்தது.

அமெரிக்காவின் நிலை இதற்கு நேர்மாறானது. அங்கே 1850, 1860ஆம் ஆண்டுகளின் அடிமைப் பட்டியல்கள் உடையவனின் பெயரை எழுதி, அடிமைகளை வயதாலும் பாலாலும் நிறத்தாலும் மட்டுமே குறித்தன. விடுதலைக்குப்பின் வந்த 1870ஆம் ஆண்டுக் கணக்கிலேதான் கறுப்பின மக்கள் அனைவரும் முதன்முறையாகப் பெயர் பெற்றனர். அங்கே விடுதலை பெயரைக் கொண்டுவந்தது. இங்கே உடைமையாக இருந்தவரைக்கும் ஏட்டில் இருந்த பெயர், விடுதலையோடு எண்ணுக்குள் கரைந்தது. அடிமைப் பதிவேடுகளை நீரா விக்கிரமசிங்க போன்ற வரலாற்றாசிரியர்கள் இன்று ஆராய்ந்து வருகின்றனர். நம் குடும்ப வரலாற்றாசிரியர்களோ அந்தப் பக்கமே போவதில்லை. போனால் பூட்டனாரின் பெயர் கிடைக்கும். எந்த நிரலில் கிடைக்கும் என்பதுதான் அச்சம்.

இதனைச் சொல்லும்போது வேளாளர் யாவரும் நிலப்பிரபுக்கள் என்று சொல்லிவிடலாகாது. நம் மேடைகளில் அப்படிப் பேசுவது எளிது. பாகப்பிரிவினையால் நான்கு பரப்பும், கிணற்றில் எட்டிலொரு பங்கும் மட்டுமே கிடைத்துத் தாமே துலா மிதித்தவர்கள் உண்டு. 1892இல் நீக்கப்படும் வரைக்கும் நெல்வரி அவர்கள் கழுத்தை நெரித்தது. 1877ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் ஆறுமுகநாவலர் கஞ்சித்தொட்டி வைக்க நேர்ந்த நாடு இது. அந்த எளிய கமக்காரனின் வரலாறும் எழுதப்படத்தான் வேண்டும். ஆனால் அவன் வறுமையை மட்டும் எழுதி, அவன் வேலிக்கு அப்பால் கொட்டிலில் வாழ்ந்தவனை எழுதாமல் விடுவது பாதிக் கணக்கு.

நம் முற்போக்கு அணியினரையும் ஒன்று கேட்க வேண்டியிருக்கின்றது. குடும்ப வரலாறு என்றாலே நிலவுடைமைக் குலப்பெருமை என்று ஒதுக்கித் தள்ளுகின்றோம். உழைக்கும் மக்களை ‘வெகுஜனங்கள்’ என்று சொல்லும்போது நாமும் அட்டவணைக்காரனின் மொழியைத்தானே பேசுகின்றோம்? ஒடுக்கப்பட்டவனுக்கும் பாட்டி உண்டு; அவளுக்கும் ஒரு பெயர் உண்டு. கே. டானியலின் ‘பஞ்சமர்’ 1972இல் வெளிவந்தபோது அதிற் கலையழகு குறைவென்றோர் பலர். ஏடு மறைத்த மனிதர்களைப் பெயரும் வசையும் பேச்சுமாக நிறுத்தியதே அதன் பெருஞ்சாதனை என்பது என் கருத்து. அந்த வேலையை நாவல் ஒன்றே செய்ய வேண்டுமென்பதில்லை. 1816இல் வந்த அமெரிக்க மிசனின் திருச்சபைப் பதிவுகளையும், 1860களில் முறைப்படுத்தப்பட்ட பிறப்பு இறப்புப் பதிவுகளையும், அடிமைப் பதிவேட்டையும், சீதன உறுதிகளையும் பக்கத்திற் பக்கம் வைத்துப் படிக்கும் ஆசிரியரும் மாணவரும் இதனைச் செய்யலாம். பெயரின் விகுதியே ஒரு சான்று: ‘கந்தர்’ என்று எழுதப்பட்டவன் யார், ‘கந்தன்’ என்று எழுதப்பட்டவன் யார் என்பதை எந்தச் சாதிக் கட்டமும் இன்றி அறியலாம்.

இது பழங்கதை அன்று. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஓலைச் சுவடிகளும் சாம்பலாயின. 1991இல் குடிசன மதிப்பே எடுக்கப்படவில்லை. 2001இல் எடுத்ததும் வடக்கில் முழுமை பெறவில்லை. போரில் வலிகாமம் வடக்கின் காணிகள் உயர்பாதுகாப்பு வலயமாயின. 2009இல் போர் முடிந்தபின் அவை பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டபோது உறுதி வைத்திருந்தவர்கள் திரும்பிச் சென்று எல்லைக் கல்லைத் தேடினர். நெடுங்காலம் முகாம்களில் எஞ்சியிருந்தோரிற் பெரும்பாலோர் காணியற்றவர்கள், ஒடுக்கப்பட்ட சாதியினர். விடுவிக்கப்பட்ட அதே தோட்டங்களின் ஓரத்தில் பிறர் காணியிற் குடியிருந்து கூலிக்கு வேலை செய்தவர்கள் அவர்களுள் உண்டு. எந்தத் தோட்டம், எந்தக் கிணறு என்று அவர்களால் விரல் நீட்டிக் காட்ட முடியும்.